உயிர் காத்த ஊசியும் காது கொடுத்த விலையும்

புனேவை ஒட்டிய பிம்ப்ரியை மருந்துக் கடைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியது ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியுடன் மத்திய அரசு 1954-ல் தொடங்கிய நிறுவனம். முதலில் பெனிசிலின் தயாரித்தது, 1960-களில் ஸ்ட்ரெப்டோமைசின். சானடோரியமே கதி என்று கிடந்த காசநோயாளிகளுக்கு அந்த ஊசி மறுபிறவி. சிலருக்கு மட்டும் விலை கூடுதல்.

எவ்வளவு கூடுதல்? இந்த ஊசியால் சமநிலை உணர்வை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-ல் தன் அனுபவத்தை எழுதினார். படுக்கையில் புத்தகம் படிக்க, கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கிடையே தலையை முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். இல்லையென்றால் நாடித் துடிப்புக்கே எழுத்துகள் குதித்தன.

ஒலியையும் சமநிலையையும் உணர்பவை உட்செவியின் நுண்ணிய மயிர் செல்கள். கேட்பதற்கென்று ஒரு காதில் சுமார் 15,000. செத்தால் மீண்டும் முளைக்காது. ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் சமநிலைப் பகுதியைத் தாக்கும். அதே குடும்பத்தின் கனாமைசினும் அமிகாசினும் கேட்கும் பகுதியை. சேதம் மிக உயர்ந்த சுருதியில் தொடங்குவதால் நோயாளிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பேச்சு மங்கும்போது காலம் கடந்திருக்கும்.

பெரியவர்களிடம் 'கேட்கிறதா?' என்று கேட்கலாம். கிருமித் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஏற்றப்படும் பச்சிளம் குழந்தையிடம்? இங்கேதான் 'பெரா' எனப்படும் மின் சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, தூங்கும் குழந்தையின் காதில் 'டிக் டிக்' ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் தடவை செலுத்துகிறார்கள். தோலில் பதிவாகும் மின்துடிப்பு ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூளையின் மற்ற மின் சலசலப்பில் மூழ்கிவிடும். கம்ப்யூட்டர் அத்தனை பதிவுகளையும் சராசரி எடுத்ததும் சலசலப்பு அடங்கி, 10 மில்லி செகண்டுக்குள் வரிசையாக அலைகள் தலைகாட்டுகின்றன. முதல் அலை செவி நரம்பிலிருந்து. ஐந்தாவது மூளைத் தண்டிலிருந்து. ஒலியைக் குறைத்துக்கொண்டே போகும்போது ஐந்தாவது அலை எங்கே மறைகிறதோ, அதை ஒட்டியே கேட்கும் எல்லை.

சர்வரோக நிவாரணி அல்ல. 'டிக்' ஒலி முக்கியமாக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் சொல்லும். அதற்கு மேல் தொடங்கும் சேதம் நழுவலாம். பெரியவர்களுக்கு உயர் சுருதி ஆடியோமெட்ரி மேல். எதுவானாலும், முதல் ஊசிக்கு முன்பே ஒரு பதிவு வேண்டும். ஒப்பிட ஏதுமில்லாத அறிக்கையால் பாதிப் பயன்தான். தாய்வழி உறவில் ஊசிக்குப் பிறகு செவிடானவர் உண்டா என்ற கேள்விக்குச் செலவே இல்லை. தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் குறைந்த அளவு மருந்தே காதைப் பறிக்கலாம் என்பது 1993-ல் தெரியவந்தது.

காசநோய்க்கு மறுசிகிச்சை பெறுவோருக்கு இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் போடும் முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்னது. வேறு நோய்களுக்கு இந்தக் குடும்பத்து ஊசிகள் தொடர்கின்றன.

அவற்றில் ஒன்று காது நோய்க்கே மருந்து! தலைசுற்றலும் இரைச்சலுமாக வரும் மெனியர் நோயில் உட்செவித் திரவம் பெருகுகிறது. செவிப்பறையில் மின்முனை வைத்து எடுக்கும் எலக்ட்ரோகாக்ளியோகிராபி அதற்குத் தடயம் தரலாம். மற்ற சிகிச்சைக்குச் சுற்றல் அடங்காவிட்டால், சிலருக்கு நடுச்செவியில் ஜென்டாமைசின் செலுத்துகிறார்கள், அந்தக் காதின் சமநிலைச் செல்களை வேண்டுமென்றே அடக்குவதற்கு.