மகரந்த ஒவ்வாமையும் இயோசினோபில் எண்ணிக்கையும்: சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் வழியில் அமைந்துள்ள சிங்கப்பெருமாள் கோவில், ஏரிகளும் தரிசு நிலங்களும் சூழ்ந்த ஊராகும். இவ்வட்டாரத்தின் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலமும், மழைக்குப்பின் காலிமனைகளில் பார்த்தீனியமும் செழித்து வளர்கின்றன. இவ்விரண்டின் மகரந்தமும் ஒவ்வாமையைத் தூண்டுவன என இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடர் தும்மலும் இளைப்பும் உடையோர், குருதிப் பரிசோதனை முடிவில் இயோசினோபில் மிகுந்திருக்கக் கண்டு, தமக்கு ‘ஈஸ்னோபீலியா’ என்று கூறுவது தமிழகத்தில் பெருவழக்கு. அச்சொல்லை நோயின் பெயராகவே கொள்வதால் நேரும் பிழையைக் குருதியணுக்களின் செயல்வழி நின்று இக்கட்டுரை விளக்குகிறது.

உடல் மகரந்தத்தை அடையாளம் கொள்ளுதல்

மூக்கின் சளிச்சவ்வில் படியும் மகரந்தத்தின் புரதங்களை டென்டிரிடிக் அணுக்கள் நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கு இரண்டாம் வகைத் துணை டி அணுக்கள் உருவாகி, இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் பி அணுக்கள் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை ஆக்குகின்றன. இஷிசாகா இணையர் 1966இல் கண்டறிந்த இப்பொருள், திசுக்களில் உள்ள மாஸ்ட் அணுக்களின் மீதும் குருதியில் உள்ள பேசோபில்களின் மீதும் படிந்து நிற்கிறது. இக்கட்டத்தில் நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை.

இருகட்ட எதிர்வினை

மீண்டும் பூக்கும் பருவத்தில் அதே மகரந்தம் நுழையும்போது, அதன் புரதம் அடுத்தடுத்துள்ள எதிர்ப்பொருள்களை ஒருசேரப் பிணைக்கிறது. மாஸ்ட் அணுக்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. தும்மலும் நீரொழுக்கும் அரிப்பும் உண்டாகின்றன. சில மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இன்டர்லூக்கின் 5இன் தூண்டுதலால் எலும்பு மச்சையிலிருந்து இயோசினோபில்கள் மிகுதியாக வெளிப்பட்டு, குருதி வழியே சளிச்சவ்வை அடைகின்றன. இயோசின் சாயத்தை ஏற்கும் இவ்வணுக்களைப் பால் எர்லிக் 1879இல் விவரித்தார். மூக்கடைப்பு நீடிப்பதற்கு இவற்றின் நச்சுப் புரதங்களும் காரணமாகின்றன.

இயோசினோபில்களின் உறைவிடம் திசுவே. குருதி அவற்றின் வழித்தடம் மட்டுமே. ஆகவே குருதியில் எண்ணிக்கை இயல்பாக இருப்பினும் ஒவ்வாமை இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

எண்ணிக்கையைப் படிக்கும் முறை

பரிசோதனை முடிவில் காணும் விழுக்காடு தனித்துப் பொருள் தராது. மொத்த வெள்ளணுக்கள் 6,000 எனில் 8 விழுக்காடு என்பது 480. மொத்தம் 12,000 எனில் அது 960. ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை இயல்பு என்பதால், ஒரே விழுக்காடு ஒருவருக்கு இயல்பையும் மற்றொருவருக்கு மிகையையும் குறிக்கிறது.

மிகைக்கும் காரணங்கள் பல. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் ஆகியோர், காசநோய் போன்று தோன்றிய இயோசினோபில் மிகை நோயை 1940இல் பதிவு செய்தனர். வைங்கார்ட்டன் 1943இல் அதற்கு ‘வெப்பமண்டல இயோசினோபிலியா’ எனப் பெயரிட்டார். யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு எதிரான மிகைவினையே அது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இரவு இருமலும் 3,000க்கு மேற்பட்ட எண்ணிக்கையும் அதன் அடையாளங்கள். டைஎத்தில்கார்பமசின் மருந்துக்கு அது கட்டுப்படுகிறது. மகரந்த ஒவ்வாமையில் உயர்வு பெரும்பாலும் மிதமானது. அதற்கு இம்மருந்தால் பயனில்லை.

குடற்புழுக்களாலும் எண்ணிக்கை உயரும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழு உடலில் இருப்பதை அறியாமல், ஒவ்வாமை எனக் கருதி ஸ்டீராய்டு மாத்திரை அளித்தால், புழு கட்டின்றிப் பெருகி உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஸ்டீராய்டு இயோசினோபில் எண்ணிக்கையைக் குறைக்கும் இயல்புடையதாதலால், நோய் தணிந்தது போன்ற தோற்றமும் ஏற்படும்.

முடிவுரை

இயோசினோபில் மிகை என்பது உடல் எதனையோ எதிர்க்கிறது என்பதற்கான அறிகுறி. எதிர்க்கப்படுவது எது என்பதை அவ்வெண் கூறுவதில்லை. மகரந்தமும் புழுக்களும் ஒரே அணுவைத் தூண்டும் தமிழகச் சூழலில், நோய்க்குறி தோன்றும் பருவம், இருமலின் நேரம், தோல்வழி ஒவ்வாமைச் சோதனை, மலப் பரிசோதனை ஆகியவற்றோடு இணைத்தே அவ்வெண்ணை மதிப்பிடுதல் வேண்டும்.