இறைச்சியைக் குறைத்தால் பூமிக்கு என்ன லாபம்?

மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதாக ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. 2023-இல் வெளியான கணக்கில் இது 12 விழுக்காடு. கறி, பால், முட்டை மூன்றும் இதில் அடக்கம். என்றாலும் பெரும்பங்கு மாட்டினங்களுடையது.

ஏப்பத்தில் போகும் மீத்தேன்

மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றின் முதல் அறையில் நுண்ணுயிரிகள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைக் கூட்டும் வாயு இது. ஆனால் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். அதனால் இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

கோழிக்கு அப்படி ஓர் அறை இல்லை. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 100 கிராம் புரதம் கிடைக்க, கறிக்கென்றே வளர்க்கும் மாட்டின் இறைச்சியால் சராசரியாக 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயு வெளியாகிறது. ஆட்டிறைச்சியால் 20 கிலோ, கோழியால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை. எவ்வளவு கறி என்பதோடு எந்தக் கறி என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சியைத் தொடாமல் மட்டனை வெளுத்துக்கட்டுவோருக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு.

நிலம்

உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காடு விலங்கு உணவுகளுக்கே போகிறது. அவை தருவதோ 18 விழுக்காடு கலோரி, 37 விழுக்காடு புரதம் என்கிறது அதே ஆய்வு. அமேசானில் காடு அழிய முதற்காரணம் மாட்டு மேய்ச்சல். உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதியும் தீவனமாகிறது.

டென்மார்க்கின் 350 கிராம்

மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு டென்மார்க். அதன் அரசு 2021-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடல்நலத்தோடு பருவநிலையையும் சேர்த்துப் பார்த்தது. வாரத்துக்கு 350 கிராம் இறைச்சி போதும், அவித்த பருப்பு, பயறு நாளுக்கு 100 கிராம் வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

உடலுக்கு

சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது. எனவே முதலில் குறைக்க வேண்டியது இதைத்தான்.

எப்போதாவது ஒருநாள் கறி உண்போருக்கும், இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கும் கறியைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அப்படியே பொருந்தாது. கறியைக் குறைப்போர் பருப்பு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும். பி12 வைட்டமினுக்குப் பால், தயிர், முட்டை உதவும். அவற்றையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுப்பதே சரி.