ரப்பர் இருந்த இடத்தில்

1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோதே அதன் பின்பக்கம் முந்திய காலத்தைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. உடலிலே புதுமை உண்டு, அதற்கு முந்திய எம்.ஜி.ஏ.வுக்கு இருந்த தனிச் சட்டம் போய், உடலே சட்டமாகியிருந்தது. பின்னாலோ, லாரிக்கு இருப்பதுபோல் குறுக்கே ஒரே அச்சு. இருபுறமும் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்க ஆர்ம்ஸ்ட்ராங் லீவர் அப்சோர்பர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இறங்கி, 1980-இல் உற்பத்தி நிற்கும்வரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்த வண்டிகள் ஓடிய மலேசியாவின் பேராக் மாநிலத்தில், அன்றைய சாலைகளுக்கு அது போதும். ஈப்போவிலிருந்து தைப்பிங் போக வேண்டுமானால் சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று ஊர் ஊராக நுழைந்துதான் போக வேண்டியிருந்தது. தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண் பாதை. அந்த வேகத்தில் பின்பக்கம் சற்றுத் துள்ளினாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லீவர் அப்சோர்பரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சிறிய பம்பு போலிருக்கும். கனத்த வார்ப்பு உடல், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் நுனியில் அச்சோடு சேரும் இணைப்பு. சக்கரம் எழுந்து தாழும்போது கை அசையும்; உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு வால்வு வழியே தள்ளும். கையைத் தாங்கும் தண்டின் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். மூடியைத் திருகி எண்ணெய் ஊற்றினால் மறுபடி சில மாதம் ஓடும். தொய்ந்த ஸ்பிரிங்கைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பட்டைகளைப் பிரித்து அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். உள்ளூரிலேயே முடியும் வேலை.

இன்று தேவை வேறு. 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின், ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரையிலான இருநூறு சொச்சம் கிலோமீட்டரை மணிக்கு 110-இல் ஒரே மூச்சில் கடக்கலாம். அந்த ஓட்டத்தில், கொஞ்சமே எண்ணெய் கொண்ட லீவர் அப்சோர்பர் சூடேறித் தளர்ந்துவிடும். ஆகவே குழாய் வடிவ அப்சோர்பர் வருகிறது. பல பட்டைகளுக்குப் பதில், நடுவே தடித்து நுனியை நோக்கி மெலியும் பாராபோலிக் பட்டைகள் ஒன்றிரண்டு. பட்டையோடு பட்டை உரசுவது குறைவதால் சிறு குழிகளை வண்டி மென்மையாக வாங்கிக்கொள்கிறது. இன்னும் துணிந்தவர்கள் பட்டையையே கழற்றிவிடுகிறார்கள். எடையைத் தாங்குவதும் அச்சை இடம் பெயராமல் பிடிப்பதும் பட்டை ஒன்றே செய்துவந்த இரண்டு வேலைகள். இப்போது முதல் வேலை சுருள் ஸ்பிரிங்குக்கு, இரண்டாவது வேலை இணைப்புக் கம்பிகளுக்கும் பான்ஹார்ட் கம்பிக்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இருந்தாலும், வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

மாற்றங்களில் சிறியது புஷ். பட்டையின் கண்ணிலும் பின்முனைக் கொக்கியிலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் அன்று காத்தது ரப்பர். எந்த மரத்துப் பால் அது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் உலகிலேயே அதிக இயற்கை ரப்பர் தந்தது மலேசியா. 1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகள் இந்நாட்டுப் பால்மரத்தின் தொடக்கங்களில் ஒன்று. விடியுமுன் எழுந்து பால் வெட்டி, மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். வண்டியைத் தோட்டத் துரை ஓட்டினார். அதன் அடியில் குலுங்கியது அவர்கள் வெட்டிய பாலாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த இடத்தில் பாலியூரித்தேன். எண்ணெயும் வெயிலும் அதை எளிதில் அரிப்பதில்லை. அச்சும் இறுக்கமாக நிற்கிறது. இன்று விற்கும் மாற்று ரப்பர் புஷ்களில் மட்டமானவை சீக்கிரமே வெடித்துவிடுவதால், பலர் இதற்குத் தாவுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் தானே முறுகி அசைவை ஏற்றுக்கொள்ளும். பாலியூரித்தேன் வழுக்கித்தான் அசையும். கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும். சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் இருக்கை வரை அனுப்பும்.

தோட்டங்களிலும் இதே காலத்தில் இடம் மாறியது. 1990 வாக்கில் நாட்டின் செம்பனைப் பரப்பு ரப்பர் பரப்பைத் தாண்டிவிட்டது. பால்மரம் நின்ற பேராக் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகின்றன. லயங்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார்கள். துரைமார் வண்டி அவர்கள் கைக்கு வருவதும் உண்டு.

புது அப்சோர்பரும் பாராபோலிக் பட்டையும் போட்டு, புஷ்ஷை மட்டும் நல்ல ரப்பரிலேயே வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. கழற்றிய லீவர் அப்சோர்பரை இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். சீலும் தண்டும் மாற்றினால் அது மறுபடி வேலை செய்யும்.