காவல் நாய்க்குட்டிக்குக் கூண்டும் கழிவிடமும்

தோட்ட வீட்டுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலாக இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய நாட்டு இன நாய்களை விவசாயிகள் பலர் வளர்த்து வருகின்றனர். இவற்றுள் இராசபாளையம் தோள்வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் வளரக் கூடியது. 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால் தலைகளுள் ஒன்று இவ்வினத்திற்கு உரியது.

இரண்டு மாதக் குட்டியை வாங்கி வந்ததும் சிலர் திண்ணைத் தூணில் கட்டி விடுகின்றனர். வேறு சிலர் அவிழ்த்தே விட்டு விடுகின்றனர். கட்டிய குட்டி படுத்த இடத்திலேயே கழிக்கிறது. அவிழ்த்த குட்டி வைக்கோல் படப்பிலும் களத்திலும் கீரைப் பாத்தியிலும் கழிக்கிறது. இரண்டுமே கேடு தருவன.

ஏன் கவனம் தேவை?

நாய்க்குட்டிகள் பெரும்பாலும் குடற்புழுக்களுடனேயே வளர்கின்றன. உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தின் வழியே மண்ணில் சேரும். மண்ணில் விளையாடும் குழந்தைகள் கையை வாயில் வைக்கும்போது இம்முட்டைகள் உட்சென்று, புழுக்கள் ஈரலையும் கண்ணையும் தாக்கக் கூடும். கொக்கிப் புழுவின் இளம் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து அரிப்பை உண்டாக்கும்.

அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஒரு வகை நாடாப் புழு வளரும். அந்த நாயின் மலம் பட்ட தீவனத்தைத் தின்னும் ஆடு மாடுகளுக்கும், அத்தகைய கீரையைக் கழுவாமல் உண்ணும் மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் தோன்றும். பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரும் நாயின் மலத்தால் பரவுகிறது. எனவே நாய் எங்கே கழிக்கிறது என்பது வீட்டாரின் நலத்தையும் கால்நடைகளின் நலத்தையும் பொறுத்த செய்தியாகும்.

குட்டியின் இயல்பு

பிறந்து மூன்று வாரம் வரை தாய் நாயே குட்டியை நக்கிச் சுத்தம் செய்யும். நடக்கத் தொடங்கியதும் குட்டி படுக்கையை விட்டு விலகிச் சென்றே கழிக்கும். படுக்கையை அசுத்தம் செய்யாத இந்த இயல்பே பழக்குதலுக்கு அடிப்படை. சங்கிலியில் கட்டப்பட்ட குட்டி விலகிச் செல்ல வழியின்றி இந்த இயல்பை இழந்து விடுகிறது. அளவான கூண்டு அதைக் காத்துத் தருகிறது.

கூண்டு அமைத்தல்

வளர்ந்த இராசபாளையம் நாய் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் 4 அடி நீளம், 2½ அடி அகலம், 3 அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். உள்ளூர்த் தச்சரைக் கொண்டே மரச் சட்டத்தில் செய்து கொள்ளலாம். சட்டங்களுக்கு இடையே 1½ அங்குலத்திற்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டியின் தலை மாட்டிக் கொள்ளும். தரை ஈரம் ஏறாதபடி அடியில் அரை அடி உயரக் கால்கள் வைக்க வேண்டும்.

குட்டியாக இருக்கும்போது முழு இடத்தையும் விட்டால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் கழிக்கும். ஆகவே உள்ளே ஒரு தடுப்புப் பலகை வைத்து, படுத்துத் திரும்பும் அளவுக்கே இடம் விட்டு, வளர வளரப் பலகையை நகர்த்த வேண்டும்.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இளைத்தே வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. எனவே கூண்டைத் தகரக் கூரையின் கீழோ வெயிலிலோ வைக்கலாகாது. மர நிழல், கூரைத் தாழ்வாரம் ஆகியவை ஏற்றவை. சாக்கைத் துவைத்து விரிக்கலாம். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றி விட வேண்டும். அது சட்டத்தில் மாட்டி இறுக்கி விடக் கூடும்.

கூண்டிற்குப் பழக்குதல்

முதல் மூன்று நான்கு நாட்கள் கதவைத் திறந்தே வைத்து, உணவை உள்ளே வைக்க வேண்டும். பிறகு தின்னும் நேரம் மட்டும் கதவைச் சாத்தி, தின்று முடித்ததும் திறக்க வேண்டும். சாத்தி வைக்கும் நேரத்தை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என நாளுக்கு நாள் கூட்டலாம். வெறுமனே சிணுங்கினால் அடங்கும் வரை பொறுத்துத் திறக்க வேண்டும். மிரண்டு, எச்சில் ஒழுக்கி, சட்டத்தைக் கடித்தால் ஒரு படி பின்வாங்கி மெதுவாகப் பழக்க வேண்டும். கோபத்தில் குட்டியைக் கூண்டில் தள்ளினால் அது கூண்டைக் கண்டாலே அஞ்சும்.

இரவில் வீட்டார் உறங்கும் இடத்தருகே கூண்டு இருந்தால் குட்டி அழுவது குறையும்.

கழிவிடப் பழக்கம்

கிணறு, களம், தீவனப் படப்பு, காய்கறிப் பாத்தி ஆகியவற்றுக்கு அப்பால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்த 5 முதல் 30 நிமிடத்திற்குள்ளும், விளையாடி ஓய்ந்ததும் குட்டி கழிக்க முற்படும். மோப்பம் பிடித்துச் சுற்றிச் சுற்றி வருவது அதற்கு அறிகுறி. உடனே அதே வழியில் அதே இடத்திற்கு அழைத்துச் சென்று, வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். கழித்து முடித்த அந்த நொடியே தட்டிக் கொடுத்து, அவித்த முட்டைத் துணுக்கு ஒன்று தரலாம். தாமதித்துத் தருவதால் பயனில்லை.

இரண்டு மாதக் குட்டிக்கு ஏற்ற நேரங்கள்:

காலை 5.30: எழுந்தவுடன் கழிவிடம்.
6.30, 11, பிற்பகல் 3, இரவு 7: உணவு. ஒவ்வொரு முறையும் உண்ட பின் கழிவிடம்.
இரவு 10: கழிவிடம், பின் கூண்டு.
நள்ளிரவு 2: ஒரு முறை கழிவிடம். விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கூண்டில் விட வேண்டும்.

இடைப்பட்ட பகல் நேரத்திலும் இரண்டு மணிக்கு ஒரு முறை அழைத்துச் செல்ல வேண்டும். பகலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பெரும்பாலான குட்டிகள் ஆறு மாதத்திற்குள் நன்கு பழகி விடும்.

வீட்டார் அனைவரும் வயல் வேலைக்குச் செல்லும் நாட்களில் குட்டியை நாள் முழுவதும் கூண்டில் அடைக்கக் கூடாது. நிழலில் மூங்கில் தட்டியால் ஒரு சிறு அடைப்பு கட்டி, ஒரு புறம் திறந்த கூண்டையும் தண்ணீரையும், மறு புறம் மண் பரப்பிய கழிவிடத்தையும் அமைக்கலாம்.

தவறிக் கழித்தால்

அடிப்பதும், மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் கூடாது. எப்போதோ செய்ததற்கு இப்போது அடி விழுகிறது என்பது நாய்க்குப் புரியாது. மனிதர் கண்ணில் படாமல் மறைந்து கழிக்கவே அது கற்றுக் கொள்ளும். கழித்துக் கொண்டிருக்கும்போது கண்டால் மட்டும் கை தட்டி நிறுத்தி, தூக்கிச் சென்று உரிய இடத்தில் விட வேண்டும். வாடை இருந்தால் அங்கேயே மீண்டும் கழிக்கும் என்பதால், அசுத்தமான தரையைச் சோப்புத் தண்ணீரால் வாடை போகக் கழுவி உலர விட வேண்டும். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

கைதட்டலுக்கும் அழைப்புக்கும் சற்றும் திரும்பாத குட்டி செவிடாக இருக்கலாம். வெண்ணிற இராசபாளையம் குட்டிகள் சிலவற்றில் இக்குறை உண்டு. வாங்கும்போதே பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது நல்லது. செவிட்டுக் குட்டியையும் கைச் சைகையால் பழக்க முடியும்.

குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும்

கழிவை நாள்தோறும் அகற்றிக் குழியில் இட்டு மண் மூட வேண்டும். எருக்குழியில் சேர்க்கலாகாது. குட்டிக்கு இரண்டு வார வயது முதல் மூன்று மாதம் வரை இரு வாரத்திற்கு ஒரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு மருந்து தேவை. பார்வோ நோய்க்கான தடுப்பூசிகள் முடியும் வரை பிற நாய்கள் கழிக்கும் இடத்தில் குட்டியை விடக் கூடாது. இந்த நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும்.

குட்டியின் நேரங்களைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஏற்றுக் கொள்வது நலம். முதல் சில மாதங்கள் இவ்வாறு நேரம் தவறாமல் பழக்கிய நாய், பல ஆண்டுக் காலம் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கின்றிக் காவல் காக்கும்.