பட்டறைக்கு யார் முதல் போடுவது?

2019 டிசம்பர் மாதம். சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம். பெரம்பலூர் மாவட்டம் கூத்தனூரில் ஒரு விவசாயி நடவுக்கென்று வாங்கி வைத்திருந்த விதை வெங்காயத்தில் 300 கிலோவுக்கு மேல் ஒரே இரவில் காணாமல் போனது. மாடு இல்லை, மோட்டார் இல்லை, வெங்காயம். செய்தி நாடெங்கும் ஓடியது. நகரத்தில் படித்தவர்கள் சிரித்தார்கள். பெரம்பலூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயை ஊன்றித்தான் பயிர் செய்கிறார்கள். ஏக்கருக்கு 400 கிலோவுக்குக் குறையாமல் விதைக்காய் வேண்டும். அன்று திருடு போனது குழம்புக்கான காய் அல்ல, ஒரு போகத்தின் முதல்.

அந்த 'முதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இன்று உலக மாநாடுகளில் அடிபடும் ஒரு பெரிய விஷயம் சுலபமாகப் புரிந்துவிடும். மண் கெடாமல், நிலத்தடி நீர் வற்றாமல், விளைந்தது வீணாகாமல், விளைவித்தவருக்கும் கட்டுபடியாகும்படி உணவு தட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் புதிய வழிகள் வேண்டும். அந்தப் புதிய வழிகளுக்கு முதல் போடுவது யார்? 2021 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய உணவு அமைப்புகள் உச்சி மாநாட்டிலும் இதுதான் பேச்சு. பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர் டீக்கடையில் வேறு வார்த்தைகளில் பேசப்படுவதும் இதுதான்.

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பாடாலூரை எத்தனையோ பேர் கண்ணயர்ந்தபடியே கடந்துவிடுகிறார்கள். சாலையை விட்டு மேற்கே செட்டிகுளம் பக்கம் திரும்பினால்தான் ஊரின் பிழைப்பு தெரியும். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. மாநிலத்தின் மக்காச்சோள மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. இங்கே விளையும் சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போய், முட்டையாக ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. ஒருகாலத்தில் வரகு விளைந்த மானாவாரி நிலம், தூரத்துக் கோழியின் பசிக்கு ஏற்ப மாறிக்கொண்டது. உலக உணவு அமைப்பு என்பது ரோம் நகரத்து ஐ.நா. கட்டடங்களில் மட்டும் இல்லை.

அறுவடை செய்த காயைச் சேமித்து வைக்கும் வெங்காயப் பட்டறையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை இரண்டடி உயரத்தில், கல்லோ கட்டையோ கொடுத்து மூங்கில் தப்பைப் படுக்கை. இரண்டு பக்கமும் தப்பை அல்லது கம்பி வலை. மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ. தாளோடு நிழலில் உலர்த்திய காயை உள்ளே கொட்டி வைப்பார்கள். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், அகலம் நாலடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் காற்று புகாது, காய் வியர்க்கும், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். பட்டறையைத் திறக்காமலேயே வாடையை வைத்துச் சேதத்தைச் சொல்லிவிடுகிற கைகாரர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

இருந்தும் மூன்று நான்கு மாதம் வைத்தால் எடை குறைவிலும் அழுகலிலும் மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டன் காய், அறுவடை நேரத்து விலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உடனே விற்றால் 5 லட்சம். மூன்றில் ஒரு பங்கு அழுகிப் போனால், அதே 5 லட்சத்தை எடுக்கவே விலை 30 ரூபாய்க்கு ஏற வேண்டும். சேதம் 15 சதவீதத்தில் நின்றால் ஏறக்குறைய 23 ரூபாய் 50 காசு போதும். விவசாயி வியாபாரியிடம் 'இன்னும் ஒரு மாசம் பொறுத்துத் தர்றேன்' என்று சொல்ல முடிகிறதா இல்லையா என்பது அந்த ஆறரை ரூபாயில் இருக்கிறது.

அறுவடைக்கும் கடைக்கும் இடையில் உலக உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் கணக்குச் சொன்னது. அந்த 14-க்குள் இந்தப் பட்டறையின் அழுகலும் அடக்கம். காய் மட்டும் வீணாவதில்லை. அதற்கு இறைத்த தண்ணீர், போட்ட உரம், எரித்த டீசல் எல்லாம் சேர்ந்து வீணாகின்றன.

இனி பணத்துக்கு வருவோம். பணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதி மட்டுமே ஒரு லட்சம் கோடி ரூபாய். ஆனால் அது கையில் தரும் பணம் அல்ல. வங்கி கொடுக்கும் கடனில், 2 கோடி ரூபாய் வரை, ஏழு ஆண்டுகளுக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும். கிடங்கு கட்டுகிற கம்பெனிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் அது நல்ல உதவி. இரண்டு ஏக்கர்க்காரர் அதற்குள் நுழைய முதலில் வங்கி வாசலைத் தாண்ட வேண்டும். நபார்டு 2024-இல் தொடங்கிய அக்ரிஷ்யூர் நிதி 750 கோடி. அது வேளாண் புத்தாக்க நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்வதற்கானது. பாடாலூர் விவசாயி தனியாளாக அதன் பக்கம் போக வேலையில்லை.

விவசாயிக்கு மிக அருகில் இருப்பது மானியம். தோட்டக்கலை மேம்பாட்டுக்கான மத்தியத் திட்டத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், 25 டன் கொள்ளளவுள்ள குறைந்த செலவு வெங்காயச் சேமிப்புக் கிடங்குக்கு 1.75 லட்சம் ரூபாய் செலவு என்று வைத்து, பாதியை, அதாவது 87,500 ரூபாயை அரசு தரும் என்று எழுதியிருந்தது. காற்றோட்டமான தூக்கிய தளம், உறுதியான தூண், ஒழுகாத கூரை. நம் பட்டறையின் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் கோடிக்கு முன்னால் இந்த 87,500 கண்ணுக்கே தெரியாது. ஆனால் விலை பேசும் பலத்தை விவசாயி கையில் கொடுப்பது இதுதான்.

சிக்கல் ஒன்று உண்டு. கிடங்கைக் கட்டி முடித்து, அதிகாரி வந்து பார்த்து, படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். அதுவரைக்கும் முழுச் செலவும் விவசாயியின் தலையில். கையில் பணம் இருக்கிறவருக்கு மானியம் கிடைக்கிறது. இல்லாதவர், நடவுக்குக் கடன் கொடுத்த அதே வியாபாரியிடமே இதற்கும் போய் நிற்க வேண்டும். அவரிடம் கடன்பட்டவர் காயைப் பட்டறையில் வைத்துக் காத்திருக்க முடியுமா? காத்திருக்கக் கட்டிய கிடங்கே காத்திருக்க விடாது.

இதே மாநிலத்தில் இன்னொரு திட்டம் வேறு மாதிரி ஓடுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பணம் கருவி அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கே நேராகப் போய்விடும். விவசாயி தன் கையிலிருந்து எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. எலி கடித்த குழாயும், உப்பு அடைத்த துளையும், வரப்போரம் சுருட்டிப் போட்ட சுருளும் இல்லாமலில்லை. ஆனாலும் கிணறு வறண்ட ஊர்களில் கறுப்புக் குழாய் இவ்வளவு தூரம் ஓடியிருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை, பணம் போகும் பாதைதான். சொட்டுநீருக்கு முடிந்தது வெங்காயக் கிடங்குக்கு ஏன் முடியாது என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையாளருக்கு நல்ல பதில் எதுவும் தெரியவில்லை.

சேதம் வந்த பிறகு பணம் வேகமாக வருகிறது, வருவதற்கு முன்னால் வருவதில்லை. இது பழைய குணம். 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகத் தென்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அதே ஆண்டு மழைப் போகத்தில் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் குருத்துகளுக்குள் இருந்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு மாநில அரசு 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. தேவையான பணம், குறை சொல்ல முடியாது. பிறகு வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன வழிகள் எல்லாம் மலிவானவை: கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, வயலில் இனக்கவர்ச்சிப் பொறி. முன்கூட்டியே முதல் போட வேண்டியது இவற்றுக்குத்தான்.

புதிய வழிக்கு மாறும் காலத்தின் நட்டத்தை யாராவது சுமக்க வேண்டும். யாரும் சுமக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்தது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை வாபஸ். இடையில் நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. இயற்கை விவசாயம் தவறு என்பதல்ல இதன் பொருள். மாறுவதற்கான காலத்தையும் காசையும் கொடுக்காமல் உத்தரவை மட்டும் கொடுத்தார்கள்.

வெளிநாட்டு நிதி என்றால் நம் ஊரில் ஒரு சந்தேகம் உண்டு, பாதி நியாயமும் உண்டு. ஆனால் நல்ல விதமாகப் போன ஒரு பணத்தின் கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1977-இல் ரோமில் தொடங்கப்பட்ட ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-இல் தருமபுரியில் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துச் சேமிக்கவும் கடன் பெறவும் வைத்தார்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது, இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. சொத்துப் பத்திரம் இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று அன்று கேட்காதவர்கள் குறைவு. அது திரும்பி வந்தது. அங்கிருந்துதான் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சுய உதவிக் குழுவின் வேரில் அந்தச் சோதனை இருக்கிறது. தோற்றுப்போகவும் இடம் கொடுத்த பணம் அது. வங்கியின் வழக்கமான கடனில் அந்த இடம் கிடையாது.

அப்படிப்பட்ட பணம் சிறு விவசாயிகளுக்கு எவ்வளவு வருகிறது? உலகம் பருவநிலை மாற்றத்துக்காகச் செலவிடும் தொகையில் சிறு விவசாயிகளைச் சார்ந்த உணவு உற்பத்திக்கு 2017-18 காலத்தில் கிடைத்தது 1.7 சதவீதம். 2019-20-இல் அது 0.8 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

வெங்காயத்துக்கு நெருக்கமான ஒரு வெற்றிக் கதை மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. எஸ்4எஸ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் கிராமத்துப் பெண்களுக்குச் சூரிய உலர்த்திகளை ஏற்படுத்தித் தந்து, சந்தையில் விலை போகாத வெங்காயத்தையும் காய்கறிகளையும் காயவைத்து உணவு நிறுவனங்களுக்கு விற்கிறது. 2023-இல் பிரிட்டனின் எர்த்ஷாட் பரிசு, பத்து லட்சம் பவுண்டு, அதற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே பரிசைத் தெலங்கானாவின் கெய்ட்டி என்ற சிறு பசுமைக்குடில் நிறுவனம் வாங்கியது. பரிசுத் தொகையைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. உலர்த்திக்கு வங்கி கடன் கொடுக்கிறது, காய்ந்த பொருளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்கிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் வங்கி மேலாளர் கையெழுத்துப் போடுகிறார்.

பெரம்பலூரில் அதையே அப்படியே செய்ய முடியாது. சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தைவிட விலை கூடியது, உரிக்க ஆள் கூலி அதிகம், காய்ந்தால் கையில் நிற்பதோ கொஞ்சம். பொடியாக்கி விற்றால் போட்டி போட முடியாது. ஆனால் சின்ன வெங்காயத்தைக் காயவைத்து விலை ஏற்றும் கலையை நம் பாட்டிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இடித்த வெங்காயத்தோடு உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் திரும்ப அள்ளி, மறுநாள் மறுபடி உருட்டி, ஒரு வாரம் பத்து நாளில் கறுத்துச் சுருங்கும் தாளிப்பு வடகம். ஓர் ஆண்டு கெடாது. ஒரு துண்டு எண்ணெயில் விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெட்டியில் போகிற பொருள்.

இதற்கும் பணம் இருக்கிறது. 2020-இல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று குறித்தார்கள். பெரம்பலூருக்கு வெங்காயம், அரியலூருக்கு முந்திரி. எந்திரம், கட்டடச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியம். சுய உதவிக் குழுவில் உணவுப் பொருள் செய்யும் உறுப்பினருக்குத் தொடக்க முதலாக 40,000 ரூபாய். தருமபுரியில் போட்ட விதை இப்படியும் முளைத்திருக்கிறது. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தும் தேசிய நிறுவனம் இருக்கிறது. 1967-இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்று தொடங்கியது, இன்று எல்லா உணவுப் பொருளுக்கும் பயிற்சி தருகிறது. பாடாலூரிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உத்தரவு அதைக் கவிழ்த்துவிடும். விலை ஏறினால் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல், 2020-இல், 2023 டிசம்பரில் தடை, பிறகு 40 சதவீத வரி, அப்புறம் 20, கடைசியாக 2025 ஏப்ரலில் நீக்கம். டெல்லியின் கவலை நாசிக் பெரிய வெங்காயம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சின்ன வெங்காயமும் சிக்குகிறது, அதற்குத் தனிச் சரக்குக் குறியீடு வேண்டும் என்பது தமிழக விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அதைச் செய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இந்தப் பட்டத்தில் கிடங்கு கட்ட நினைக்கும் விவசாயிகளுக்கு ஒரு தகவல். செலவு வரம்பும் மானியத் தொகையும் 2014-க்குப் பிறகு திருத்தப்பட்டிருக்கின்றன, அதனால் இன்றைய தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், போட்டோ ஆகியவற்றோடு முதலில் பதிவு செய்யுங்கள். பணி ஆணை கைக்கு வருவதற்கு முன்னால் தூண் நட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே கட்டிய கிடங்குக்கு மானியம் கிடைக்காது.