பாலுக்கு பயமில்லை... மூளை வறுவலுக்கு?

தி.நகர், சைதாப்பேட்டை பக்கத்து அசைவ மெஸ்களில் ஆட்டு மூளை வறுவலுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. மயிலாப்பூரிலோ பொழுது விடிவதே பால் காய்ச்சும் வாசனையில்தான். ‘மேட் கவ்’ நோய் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தால் போதும், இரு தரப்புக்கும் ஒரே சந்தேகம்: சாப்பிடலாமா, வேண்டாமா?

விலங்கின் உடம்புக்குள் இந்த நோய் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், பதிலும் கிடைத்துவிடும்.

இதற்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அல்ல; ‘ப்ரியான்’ எனும் புரதம். நரம்பு செல்களில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்துவிட்டால், அதுதான் ப்ரியான். பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் அது தன்னைப்போல மடித்துவிடும். இப்படியே பெருகி, கடைசியில் மூளை ஸ்பான்ச் போல ஓட்டை ஓட்டையாகிவிடும். இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி ப்ரூசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் ப்ரியான் அழியாது என்பதுதான் சிக்கல்.

தீனியோடு போகும் ப்ரியான் முதலில் குடலில் இறங்குகிறது. குடல் சுவரில் நோய் எதிர்ப்புத் திசுக்கள் இருக்கின்றன. ஆனால், உடம்பு இதை எதிரியாகவே நினைப்பதில்லை. காய்ச்சல்கூட வராது. செம்மறி ஆடுகளுக்கு வரும் ‘ஸ்க்ரேப்பி’ நோயில் ப்ரியான் நிணநீர் முடிச்சு, டான்சில், மண்ணீரல் என்று பரவும். பிறகு நரம்புகளைப் பிடித்து மூளைக்கு ஏறும். மாடுகளில் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி, நரம்புகள், தண்டுவடம், மூளை என்பதோடு சரி. இந்தப் பயணத்துக்குச் சில ஆண்டுகள் ஆகும். மாடு தள்ளாடும்போதுதான் வெளியே தெரியும்.

பால் இந்தப் பாதையில் இல்லை. பால் மூலம் ‘மேட் கவ்’ பரவியதற்கு ஆதாரமும் இல்லை.

இங்கிலாந்தில் 1986-ல் இந்த நோய் கண்டறியப்பட்டது. கால்நடைகளின் இறைச்சிக் கழிவையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்கே தீவனமாகப் போட்டதுதான் அது பரவக் காரணம். அங்கே 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் வந்தது. மனிதர்களுக்கும் தொற்றியிருப்பது 1996-ல் தெரியவந்தது. அந்நாட்டில் மட்டும் 178 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில்? இமயமலை அடிவாரத்துச் செம்மறி ஆடுகளில் ஸ்க்ரேப்பி இருந்ததை 1961-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால், ஸ்க்ரேப்பி மனிதருக்குப் பரவியதாக ஆதாரம் இல்லை. எனவே, மூளை வறுவல் பிரியர்கள் கவலைப்பட வேண்டியது கொலஸ்ட்ராலுக்குத்தான்!

‘மேட் கவ்’ இங்கே பதிவானதே இல்லை. ‘மிகக் குறைந்த ஆபத்துள்ள நாடு’ என்ற அங்கீகாரத்தை உலக விலங்கு நல அமைப்பு 2010-ல் இந்தியாவுக்கு வழங்கியது. இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. நம் மாடுகள் காலம்காலமாகத் தின்பது வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு.

அந்தப் பழக்கத்தைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். அடையாறு மாடித் தோட்டத்து ரோஜாவுக்கு எலும்புத்தூள் உரம் போடலாம், தப்பில்லை. மாட்டின் தீவனத் தொட்டிக்குள் மட்டும் அது போகவே கூடாது.