ஒரு சொட்டு சீரம், கொஞ்சம் கரித்தூள்

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் கர்ப்பம் உறுதியானதும் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் தாயின் உடல்நலப் பதிவேடான 'பிங்க் புத்தகம்' போடுவார்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைக்கும் ரத்தம் எடுப்பார்கள். "எனக்கெதுக்கு மிஸ்ஸி இதெல்லாம்?" என்று தாதியிடம் கேட்பவர்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் சிஃபிலிஸ் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். கருப்பை வாயில் வந்தால் கண்ணிலேயே படாது. கிருமியோ நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை எட்டும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிஃபிலிஸுக்கான ஆர்.பி.ஆர். என்ற ரத்தச் சோதனையில் கிருமியைத் தேடுவதே இல்லை; உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறார்கள். வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு சீரம். அதோடு கொழுப்புப் பொருளும் கரித்தூளும் கலந்த கரைசல். அட்டை 8 நிமிடம் சுழலும். எதிர்ப்பொருள் இருந்தால் கரி, மிளகுத்தூள்போலத் திரளும். இல்லையென்றால் ஒரே சாம்பல் நிறம். லூபஸ் நோயிலும் திரளும் என்பதால் இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். நோய் உறுதியானால் பென்சிலின் ஊசி. கணவருக்கும் சோதனை, அவரை விட்டுவிட்டால் நோய் திரும்பி வரும்.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்ததாக 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு.

ஆனால் கருக்குழாயைச் சத்தமில்லாமல் அடைக்கும் இன்னொரு பால்வினைத் தொற்றான கிளாமிடியா இந்த அட்டையில் தெரியாது. அதற்குச் சிறுநீரோ பஞ்சுக்குச்சி மாதிரியோ வேண்டும். கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.